மார்ச் மாதத்தில் எண்ணிய மலை

குறிப்பேட்டின் ஒரு பக்கத்தை மறைக்க முடியாது என்றுதான் முதலில் சொன்னேன். இப்போதும் அதையேதான் சொல்கிறேன். ஏன் முடியாது என்பதை மட்டும் எழுதிவிடுகிறேன்.

போன வாரம் வேங்கிக்கால் அலுவலகத்திலிருந்து கதிரவன் என்ற இளம் அதிகாரி என் வீட்டுக்கு வந்தார். நான் வேலை பார்த்த தாவரக் கணக்கெடுப்புத் துறையில், நான் ஓய்வு பெற்றபோது இருந்த பதவிக்கு மூன்று படி மேலே இப்போது இருக்கிறவர். நல்ல பிள்ளைதான். "நாட்டோட பல்லுயிர்ப் பாதுகாப்புக் கொள்கைக்கு அறிவியல் எப்படி வழிகாட்டுச்சுன்னு ஒரு விழா வெக்கிறோம் மேடம். நீங்க பத்து நிமிஷம் பேசணும். உங்க பழைய களக் குறிப்பேட்டக் கண்ணாடிப் பெட்டியில வெக்கலாம்னு இருக்கோம்" என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. குறிப்பேட்டை எடுத்துக் கொடுத்தேன். புரட்டிக்கொண்டே வந்தவர் ஒரு பக்கத்தில் நின்றார். "இந்தப் பக்கத்த மட்டும் காட்டாம விட்டுடலாமா மேடம்? அடிச்சு கிடிச்சு இருக்கு. பார்க்கிறவங்களுக்கு நல்லா இருக்காது."

முடியாது என்று சொல்லிவிட்டு, வந்த கோபத்தில் காபி போட எழுந்து போய்விட்டேன். நான் நாற்பது பக்கம் ஒழுங்காக எழுதியதைக் காட்டுவார்களாம், உருப்படியாகச் செய்த ஒரே காரியத்தை மறைப்பார்களாம். அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அவர் இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார், சுருட்டிய பெரிய வரைபடம். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நான் கீழ்பென்னாத்தூர்க்காரி. வீட்டில் நெல்லும், மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற நிலக்கடலையும் பயிர். தாவரவியலில் பட்டம் வாங்கி எழுபதுகளின் நடுவில் வேலையில் சேர்ந்தேன். பொம்பளப் பிள்ளை மலை ஏறுமா என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் ஏறியிருக்க மாட்டேன். இரண்டு வருடப் பயிற்சியில், பூக்காத புல்லையும் இலையின் அடியைப் பார்த்து இனம் சொல்லக் கற்றுக்கொண்டேன். பிறகு திருவண்ணாமலையிலேயே போட்டார்கள். செங்கம் ரோட்டில் ஒரு வாடகை வீடு. அதுதான் எங்கள் கள நிலையம். நான், எனக்கு மேலே சேஷகிரி சார், எப்போதாவது வேலூரிலிருந்து வரும் ஒரு ஜீப். மாவட்டத் தலைநகர் அப்போது வேலூர்தான்.

சேஷகிரி சார் ஒல்லியான மனிதர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. நாம் சொல்வது பிடிக்கவில்லை என்றால் கண்ணாடியைக் கழற்றி, கைக்குட்டையால் துடைக்க ஆரம்பிப்பார். நாமே உண்மையைச் சொல்கிற வரைக்கும் துடைப்பார். நிலையத்தில் பேனாவுக்கு அனுமதி இல்லை, மழையில் மை கரையும். பென்சில் மட்டும்தான். ஆனால் ரப்பர் இருக்கக் கூடாது. ஒரு முறை என் டப்பாவில் ரப்பரைப் பார்த்துவிட்டு ஜன்னல் வழியாகத் தெருவில் போட்டார். தப்பாக எழுதினால் அதன்மேல் ஒரே ஒரு கோடு. பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. "அடிச்சதும் தெரியணும், அடிபட்டதும் தெரியணும். அப்பதான் அது கணக்கு. இல்லன்னா கதை" என்பார்.

எண்ணும் முறையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது. ஒரு சரிவில் என்னென்ன செடி இருக்கிறது என்று அறிய, அங்கே கயிற்றால் ஒரு மீட்டர்ச் சதுரம் கட்டி, நான்கு மூலையிலும் முளை அடித்து, உள்ளே இருப்பதையெல்லாம் எழுதுவோம். இப்படிப் பல சதுரங்கள். சதுரத்தை எங்கே போடுவது என்பதில்தான் சூட்சுமம். நாமே இடம் பார்த்தால் கண் நல்ல இடமாகத் தேடும், கால் சுலபமான இடமாகத் தேடும். அதற்கு சார் கண்டுபிடித்த வழி பஸ் டிக்கெட். டவுன் பஸ்ஸில் போய் இறங்கி, டிக்கெட்டில் அச்சடித்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும். அத்தனை அடி நடந்து முதல் சதுரம். ஒற்றைப்படை என்றால் இடது, இரட்டைப்படை என்றால் வலது. அடுத்த சதுரத்துக்கு, கண்டக்டரிடம் கெஞ்சி வாங்கிய தூக்கிப்போட்ட டிக்கெட்டுகளில் அடுத்தது. முள் புதரில் போய் முடிந்தாலும் அங்கேதான் கட்ட வேண்டும். டிக்கெட்டைக் குறிப்பேட்டில் ஒட்ட வேண்டும். பைத்தியக்காரத்தனம் என்று அன்றைக்கு நானும் நினைத்தேன்.

எங்கள் குறிப்பேடுகள் சும்மா அலமாரியில் தூங்கவில்லை. நாட்டில் எந்த நிலத்தை அப்படியே விடுவது, எதில் மரம் நடுவது என்று முடிவு செய்ய டெல்லியில் ஒரு குழு போட்டிருந்தார்கள். அதற்கு ஒவ்வொரு மாவட்டத்திலிருந்தும் படிவம் போக வேண்டும். படிவத்தில் மூன்று கட்டங்கள்: காடு, சிதைந்த காடு, வெற்றிடம். வெற்றிடம் என்று விழுந்தால் அதை உழுது தைல மரம் நடலாம், யாரும் கேட்க மாட்டார்கள்.

அண்ணாமலையின் மேற்குப் பக்கம், அடி அண்ணாமலைக்கு மேலே உள்ள சரிவை நான் எண்ணியது ஒரு மார்ச் மாதத்தில். ஏன் மார்ச்? மழைக்காலத்தில் அழுத்திக் காயவைக்கும் செடிகளில் பூஞ்சை பிடிக்கும். கார்த்திகையில் தீபக் கூட்டம், வெளியூர் அதிகாரிக்கு ஊரில் ரூம் கிடைக்காது. மார்ச் முடிவதற்குள் ஜீப்புக்கு ஒதுக்கிய டீசலைத் தீர்க்க வேண்டும். ஆக எல்லா வேலையும் மாசிக்கும் பங்குனிக்கும் நடுவில்தான். துறையில் யாரும் இதை ஒரு விஷயமாகவே நினைத்ததில்லை, நானும்தான்.

அன்றைக்கு ஜீப் வந்திருந்தது. ஜீப் என்றால் டிக்கெட் இல்லை. டிரைவர் நிழல் பார்த்து நிறுத்தினார், நின்ற இடத்திலேயே கயிற்றைப் போட்டேன். ஒரு வாரம் முன்புதான் சரிவில் தீ வைத்திருந்தார்கள். சாம்பல், கல், அங்கங்கே கருகிய தூர். வெயில் மண்டையைப் பிளந்தது. மதியத்துக்குள் எல்லாச் சதுரத்தையும் முடித்துவிட்டு, கீழே 'வெற்றிடம்' என்று ஒரே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சார் பார்த்தார். "டிக்கெட் எங்க வசந்தா?"

"ஜீப்ல போனோம் சார்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் மேலே கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். இருவருக்கும் அன்றைக்கே தெரியும், இருவரும் சும்மா இருந்தோம். இதை நான் யார்மேலும் போடப் போவதில்லை.

ஒன்றரை வருடம் போனது. ஒரு புரட்டாசிக் காலையில் முனியம்மா நிலையத்துக்கு வந்து நின்றாள். அடி அண்ணாமலையில் புல் அறுத்து விற்கிறவள், என் வயதுதான். மலையில் பார்க்கும்போதெல்லாம் என்னைச் செடிக்காரம்மா என்று கூப்பிட்டுக் கிண்டல் செய்வாள். அன்றைக்குக் கிண்டல் இல்லை.

"மலை மேல சுண்ணாம்பு கோடு போட்டுக்கினு கீறாங்க. தை மாசம் டிராக்டர் வருதாம், தைல மரம் நடப் போறாங்களாம். இன்னாய்யா இது, நாங்க புல்லு அறுக்கிற எடம்னு கேட்டா, அங்க ஒண்ணுமே இல்லன்னு உங்க ஆபீஸ்லயே எழுதிக் குடுத்துட்டாங்கன்றாரு அந்தாளு. எந்தக் குருடன் எழுதினது?"

"நான்தான் எழுதினேன்" என்றேன்.

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்ப வந்து பாத்த?"

"பங்குனியில."

"பங்குனியில மலையில இன்னா இருக்கும்? என் வயல்லகூடத்தான் பங்குனியில ஒண்ணும் இருக்காது. அதுக்காக வயலு இல்லன்னு எழுதிடுவியா?" சொல்லிவிட்டு, வைத்திருந்த புல் கட்டை என் மேஜைமேலேயே போட்டாள். நிலையம் முழுக்கச் சுக்குநாறிப் புல் வாசனை. கட்டைப் பிரித்தேன். ஒரு பிடிக்குள் மட்டும் நான்கு வகைப் புல் இருந்தது. வேரோடு வந்திருந்த ஒரு நிலப்பனைக் கிழங்கும் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது.

கிழங்கு என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், அதற்குத்தானே சம்பளம் வாங்கினேன். அந்தச் சரிவில் பாதிச் செடிகள் கோடையில் மண்ணுக்குள் போய்விடும். மழை வந்தால்தான் தலை காட்டும். தீ அவற்றை ஒன்றும் செய்யாது, ஆனால் டிராக்டர் கொழு கிழங்கைப் புரட்டி வெயிலில் போட்டால் அதோடு சரி. தை மாதத்துக்குள் நான் எழுதிய அந்தச் சொல்லை நானே திரும்ப வாங்க வேண்டும்.

சாரிடம் போய் மறுபடி எண்ண வேண்டும் என்றேன். அவருக்கு ஓய்வு பெற ஆறே மாதம் இருந்தது. நெடுநேரம் கண்ணாடி துடைத்தார்.

"எதுக்கு வசந்தா வம்பு? இது சாமி மலை. கோவில் குருக்கள் வீட்டுல சொன்னா ஊரே மனு எழுதிக் கையெழுத்துப் போடும். ஒரே வாரத்துல நிறுத்திடுவாங்க. நம்ம கணக்கத் தொட வேண்டாமே."

"இந்த மலை பொழச்சுக்கும் சார். சாமி இல்லாத மலைக்கு யாரு மனு எழுதுவாங்க? அதையும் நம்ம ஆளுங்க பங்குனியிலதானே எண்ணியிருப்பாங்க?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, "ஜீப் தர முடியாது. நீ எழுதினா மேலே அனுப்புவேன். ஆனா கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். கோழை என்று மனதுக்குள் திட்டினேன். அவர் முன்னாலேயே விடுப்புக் கடிதம் எழுதினேன், காரணம் சொந்த வேலை.

ஐப்பசியில் மழை பிடித்ததும் தொடங்கினேன். தினமும் காலையில் டவுன் பஸ். டிக்கெட்டைப் பார், அடியை எண்ணு, கயிற்றைக் கட்டு. கயிற்றின் மறுமுனையை முனியம்மா பிடித்தாள். "இந்த நம்பர் முள்ளுக்குள்ள போவுது, அடுத்தத எடு" என்பாள். "கூடாது" என்பேன். "பட்டா போட்டா குடுக்கப் போறாங்க, இங்கதான் வேணும்ன்றியே" என்று முணுமுணுத்தபடி முள்ளை அரிவாளால் ஒதுக்குவாள். அதையும் செய்யக் கூடாது என்று நான் கத்த, அன்றைக்கெல்லாம் சண்டை.

மார்ச்சில் சாம்பலாகக் கிடந்த இடமா இது என்று இருந்தது. விஷ்ணுகிராந்தி நீலமாகப் பூத்துக் கிடந்தது. ஓரிதழ்த்தாமரை, நன்னாரி, நிலப்பனை, செங்காந்தள். நீர் கசியும் பாறையோரம் பூச்சி பிடிக்கும் அழுகண்ணி, விரல் நகம் அளவுக்குச் சிவப்பாக. புல்லில் மட்டும் நான் பெயர் சொல்ல முடியாதவை இருந்தன. ஒரு சதுரத்துக்கு ஒரு பக்கம் போதவில்லை, தாளைத் திருப்பி எழுதினேன். எதைப் பார்த்தாலும் சந்தோஷத்தைவிடக் கோபம்தான் வந்தது, என்மேல்.

செடிகளைக் காயவைப்பதுதான் பெரிய பாடு. ஊரில் வெயிலே இல்லை. தேரடித் தெருவில் ஒரு பேக்கரிக்காரரைப் பிடித்து, அவர் அடுப்பின் மேல்தளத்தில் என் அழுத்துப் பலகைகளை வைத்துக்கொள்ளக் கேட்டேன். "பன்னுல பூச்சி விழாம இருந்தா வெச்சுக்கம்மா" என்றார். தீபத்துக்குக் கூட்டம் வந்து ஊர் திணறிய நாட்களிலும் என் செடிகள் அங்கே காய்ந்தன. இன்றைக்கும் அந்தத் தாள்களைத் திறந்தால் லேசாகப் பன் வாசனை வரும்.

சார் சொன்னபடி என் புதிய கணக்கை மேலே அனுப்பினார். மார்கழியில் அதைப் பற்றி வேலூரில் கூட்டம். டெல்லிக் குழுவிலிருந்து வயதான தாவரவியலாளர் ஒருவர் வந்திருந்தார். மரம் நடும் திட்டத்தின் அதிகாரியும் இருந்தார். நானும் சேஷகிரி சாரும் மேஜையின் கோடியில். என் புதிய கணக்கை வாசித்து முடித்ததும் திட்ட அதிகாரி என் பழைய படிவத்தைத் தூக்கிக் காட்டினார்.

"இதுவும் உங்க கையெழுத்து, அதுவும் உங்க கையெழுத்து. போன தடவ ஒண்ணுமில்லன்னீங்க, இப்ப தோட்டமே இருக்குன்றீங்க. ரெண்டுல எதும்மா பொய்?"

அந்த அறையில் என்னைத் தவிர எல்லோரும் ஆண்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போகும் என்று தெரியும். மழுப்பவும் வழி இருந்தது. பருவ மாறுபாடு, கூடுதல் ஆய்வு தேவை என்று நாலு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"முதல்ல எழுதினதுதான் பொய் சார். டிக்கெட் முறைப்படி எண்ணல. தீ வெச்ச அடுத்த வாரம், ஜீப் நின்ன எடத்துல எண்ணினேன். நான்தான் எண்ணினேன்."

"இப்ப மட்டும் நல்ல எடமாப் பாத்துப் பொறுக்கலன்னு என்ன நிச்சயம்?"

குறிப்பேட்டைத் திறந்து மேஜையின் நடுவில் தள்ளினேன். ஒவ்வொரு பக்கத்திலும் ஒட்டிய பஸ் டிக்கெட். எண்ணைப் பாருங்கள், அடியைப் பாருங்கள், வேண்டுமானால் இப்போதே வந்து நடந்து பாருங்கள், முளைகள் அங்கேயேதான் இருக்கின்றன என்றேன். பிறகு அதே குறிப்பேட்டில் மார்ச் மாதம் எழுதிய பழைய பக்கத்தைப் புரட்டி, எல்லோரும் பார்க்க, 'வெற்றிடம்' என்ற சொல்லின்மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில் கையெழுத்து, தேதி.

அப்போது சேஷகிரி சார் எழுந்தார். "பென்சிலக் குடு" என்றார். என் கையெழுத்துக்குக் கீழே ஒன்றே முக்கால் வருடமாக இருந்த தன் கையெழுத்தின்மேல் ஒரு கோடு போட்டு, பக்கத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டார். "டிக்கெட் எங்கன்னு கேட்டவன் நான். இல்லன்னு தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன். அது என் தப்பு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். மனதுக்குள் திட்டியதற்காக அப்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன், அதுவும் மனதுக்குள்தான்.

டெல்லிக்காரர் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: மற்ற மாவட்டங்களில் வெற்றிடம் என்று வந்திருக்கிறதே, அதெல்லாம் எந்த மாதத்தில் எண்ணியது?

யாருக்கும் தெரியவில்லை. படிவத்தில் மாதம் எழுத இடமே இல்லை. ஆனால் டீசல் எப்போது தீர்க்க வேண்டும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தலை குனிந்துகொண்டார்கள்.

அடி அண்ணாமலைச் சரிவுக்கு டிராக்டர் வரவில்லை. அடுத்த வருடம் வந்த படிவத்தில் 'எண்ணிய மாதம்' என்று புதிதாக ஒரு கட்டம் இருந்தது. மழைக்குப் பின் ஒரு முறையும் எண்ணாமல் எந்த இடத்தையும் வெற்றிடம் என்று எழுதக் கூடாது என்று கீழே ஒரு வரி. நாடு முழுக்கப் போன படிவம். அந்த ஒரு கட்டம்தான் என் வாழ்நாள் சாதனை, வேறு எதையும் நான் உரிமை கொண்டாட மாட்டேன். ஜவ்வாது மலை அடிவாரத்தில் அதற்குள் உழுது முடித்துவிட்ட இரண்டு குன்றுகள் உண்டு. அவற்றை யார் எந்த மாதத்தில் எண்ணினார்களோ. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போது இன்றும் நான் ஜன்னல் பக்கம் திரும்புவதில்லை.

எனக்கு மெமோ வந்தது. தவறான கணக்குக் கொடுத்தது ஏன் என்று கேட்டிருந்தார்கள். தவறுதான், கொடுத்தேன், நானே திருத்தினேன் என்று மூன்றே வரி எழுதினேன். ஒரு வருட ஊதிய உயர்வை நிறுத்தி, தொலைதூரத்துக்கு மாற்றினார்கள். சார் மாலை மரியாதை இல்லாமல் ஓய்வு பெற்றார். மாற்றல் வந்ததைச் சொன்னபோது முனியம்மா, "திரும்பி வரும்போது ஐப்பசியில வா, பங்குனியில வந்து தொலையாத" என்றாள். இத்தனைக்கும் பிறகு குறிப்பேட்டின் அந்தப் பக்கம் பார்க்க நன்றாக இருக்காதாம்.

காபியைக் கொண்டுவந்து வைத்தபோது கதிரவன் அந்த வரைபடத்தைச் சாப்பாட்டு மேஜையில் விரித்திருந்தார். செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்ததாம். மாவட்டத்தில் எங்கெல்லாம் மரம் நடலாம் என்று காட்டுகிறதாம். விழாவில் வெளியிடப் போகிறார்கள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அடி அண்ணாமலையைத் தேடினேன். ஊருக்கு மேலே, முனியம்மா கயிறு பிடித்த சரிவு முழுக்க மஞ்சள். ஓரத்தில் வண்ணத்துக்கு விளக்கம்: மஞ்சள், தரிசு.

"இந்தப் படம் எந்த மாசம் எடுத்தது தம்பி?"

கைப்பேசியில் தேடினார். "மார்ச் மேடம். மழைக்காலத்துல மேகம் மறைக்கும், படம் தெளிவா வராது. அதனால எப்பவும் மார்ச்லதான்..." சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தி, மேஜையில் திறந்து கிடந்த என் குறிப்பேட்டைப் பார்த்தார்.

நான் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தேன். அவராகச் சொல்லட்டும் என்று துடைத்துக்கொண்டே இருந்தேன்.

"அச்சுக்குப் போயிடுச்சு மேடம்" என்றார் கடைசியில். "மேல கேக்கணும்."

"கேளுங்க. விழாவுக்கு வரேன். அந்தப் பக்கமும் பெட்டியில இருக்கணும், இந்தப் படமும் மேடையில இருக்கணும். பத்து நிமிஷம் எனக்கு வேணாம், ஒரு நிமிஷம் போதும்" என்று சொல்லி, பென்சிலை எடுத்து அந்த மஞ்சளின்மேல் வைத்தேன்.